திருப்பி வைத்த கார்டுகள்

தேக்கா
சிங்கப்பூர், 8 மார்ச் 2025, சனி

அண்ணாவுக்கு,

தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. அதனால், ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய புக்கிட் பாத்தோக்குக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறாளே, சமாதானத்துக்கு வருகிறாள் போலிருக்கிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். இது கடை விஷயம்.

கடைக்கு இயந்திரம் வாங்கிவிட்டேன். அப்பாவின் மேசை இருந்த இடத்தில் நிற்கிறது. மாத்திரைகளை எண்ணி, வேளைக்கு ஒரு சின்ன உறையில் போட்டு, பெயர், நாள், நேரம் எல்லாம் அச்சடித்து, சரம் சரமாக வெளியே விடும். வெளியே ஐந்தடி நடைபாதையில், வாசலை ஒட்டி, இருபது பெட்டிகள் கொண்ட ஓர் அலமாரியும் வந்திருக்கிறது. மருந்து தயாரானதும் ஆளுக்குப் போனில் செய்தி போகும். அதை அழுத்தினால் அவரவர் பெட்டி திறந்துகொள்ளும். பெரிய கடைக்காரர்கள் இதையெல்லாம் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நீங்கள் போனபின் இரண்டு மருந்தாளர் வேலையை ஒருத்தி செய்கிறாள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதி வைக்கும் நம் கார்டுப் பெட்டிகளைக் கம்பெனி ஆட்கள் எடுத்துப் போய், ஒவ்வொரு கார்டையும் படம் பிடித்து, இயந்திரத்தில் ஏற்றிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை முதல் தடவையாக முழு வேலையும் அதனிடம் விட்டேன். ரஷீதா பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குப் பிறகு கவுண்டருக்கு வந்தவள், ஐம்பது வயது, எதற்கும் அசராதவள். அவள்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, அஹமது கபீர்னு யாரு? இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தரயும் நான் பார்த்ததே இல்லையே லா."

போய்ப் பார்த்தேன். அஹமது கபீர் கோவிட் சமயத்தில் போய்விட்டார். மரியம்மாள் அதற்கும் முன்னால். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பதினோரு பேரும் இறந்தவர்கள். அவர்களுக்குத்தான் இயந்திரம் முதலில் கட்டியிருந்தது, ரொம்ப நாளாக மருந்து வாங்க வராதவர்கள் என்று. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த சரத்தைக் கட்டத் தொடங்கிவிட்டது. மதியம் மூன்று மணி, தெரு முழுக்க ஆட்கள், வெயில். ஆனாலும் எனக்கு அந்தக் கடையில் நிற்கப் பிடிக்கவில்லை.

பத்துப் பொட்டலங்களை எடுத்துப் பூட்டி வைத்தேன். பதினோராவதை ரஷீதா பதினான்காம் பெட்டியில் ஏற்கெனவே வைத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. திரையில் "வணக்கம், மங்களம்" என்று இருந்தது.

எந்த மங்களம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மூட்டுவலி மாத்திரையைத் தினமும் போடச் சொல்லி நீங்கள் கொடுத்தனுப்பி, மூன்றே வாரத்தில் செத்துப்போன மங்களம். அவருடைய கார்டு காணாமல் போய்விட்டது என்றுதானே விசாரணைக் குழுவிடம் சொன்னீர்கள்? காணாமல் போன கார்டு எப்படி இயந்திரத்துக்குள் போனது? பெட்டியைத் திறந்தது யார்? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

சுபாங்கி


புக்கிட் பாத்தோக்
11 மார்ச் 2025

சுபா,

ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய். கோபத்தில் ஒட்டினால் அப்படித்தான். நானும் கடிதமாகவே எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ தீர்ப்பே சொல்லிவிடுவாய்.

உன் பதினோரு பேய்களுக்குக் காரணம் ரொம்பச் சின்னது. நம் கடையில் ஆள் இறந்தால் கார்டை அப்பா கிழிக்கவும் மாட்டார், பெயரை அடிக்கவும் மாட்டார். மருந்துக் கடைக்காரன் கையால் பெயரை அடிக்கக் கூடாது என்பார். கார்டை முதுகு தெரியத் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். நாமும் அதையே செய்தோம். திருப்பின கார்டை யாரும் தொட மாட்டோம். எழுதி வைக்காத பழக்கம், கம்பெனி ஆட்களுக்கு எப்படித் தெரியும்? ஏதோ கைதவறித் திரும்பியிருக்கிறது என்று நல்ல பிள்ளைகளாக எல்லாவற்றையும் நேராக்கி அடுக்கியிருப்பார்கள். நீ அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டாய். அவ்வளவுதான்.

மங்களத்தின் கார்டைத் திருப்பி வைத்தது நான். காணோம் என்று சொன்னதும் நான். ஏன் என்று கேட்காதே.

இப்போது நான் சொல்வதை மட்டும் செய். அந்தக் கார்டை இயந்திரத்திலிருந்து எடுக்கச் சொல். அதன் படத்தைத் திறந்து பார்க்காதே. பொட்டலத்தை எடுத்தது யார் என்று கண்டுபிடித்து இன்றைக்கே திரும்ப வாங்கு. அதில் தினமும் ஒன்று என்றுதான் இருக்கும். சாப்பிடும் ஆளுக்கு என்ன ஆகும் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் இப்போது பாடம் எடுப்பது உயர்நிலை நான்கு பிள்ளைகளுக்கு, வேதியியலில். அதில் ஆபத்து குறைவு.

மிதுனன்


தேக்கா
14 மார்ச் 2025, வெள்ளி

அண்ணா,

திருப்பி வைக்கும் பழக்கத்தை நான் சொல்ல மறந்தது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்காதே, பார்க்காதே என்றெல்லாம் எனக்கு நீங்கள் கட்டளை போட வேண்டாம். படத்தைப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை.

கார்டை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். மூன்று வேலை நாள் ஆகுமாம். அதற்குள் நேற்று அடுத்த வியாழன் வந்துவிட்டது.

மதியம் கடையில் ஆள் இல்லாத ஒரு பத்து நிமிடம். நான் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இயந்திரம் தானாக எழுந்துகொண்டது. அது எப்படிச் சத்தம் போடும் என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் உள்ளே ஏதோ உருண்டு வரும், பிறகு ஒரு தட்டல், பிறகு உறையை ஒட்டும் சூட்டில் லேசாக ஒரு வாடை. எழுந்து போய்ப் பார்த்தேன். மங்களம், வெள்ளி, காலை எட்டு மணி. மங்களம், சனி, காலை எட்டு மணி. மங்களம், ஞாயிறு. ஏழு உறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் கையில் விழுந்தன. சூடாக இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. பயத்தில்தான்.

பொட்டலம் எப்படியோ பெட்டிக்குப் போய்விட்டது. ரஷீதா வைத்திருப்பாள். யார் வருகிறார்கள் என்று பார்க்க வாசலில் நின்றேன். என் கண் முன்னால் பதினான்காம் பெட்டியின் கதவு திறந்துகொண்டது. பக்கத்தில் ஓர் ஆள் கிடையாது. திரையில் அந்த வணக்கம் மட்டும். எங்கோ தூரத்திலிருந்து போனில் அழுத்தியிருப்பார்கள், தெரிகிறது. தெரிந்தாலும் உடம்பு கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். உள்ளே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் பொட்டலம் இல்லை.

கேமராவில் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. மணிக்கட்டில் பெண்கள் கட்டும் கைக்கடிகாரம், தங்க நிறம், கறுப்பு வார். மங்களம் கட்டுவது. கவுண்டரில் காத்திருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத்தான் பார்ப்பார்.

ரஷீதா கார்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"மங்களத்துக்கிட்ட பேசணுமா? அது மாத்திரை போட்டாச்சு. இப்பத்தான் படுத்துச்சு."

அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மங்களத்தின் கணவர் கோவிந்தராசுவாகத்தான் இருக்க வேண்டும். புக்கிட் மேராவில், பழைய வீட்டிலேயே தனியாக இருக்கிறார் என்று கேள்வி. யார் மாத்திரையை யார் போட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடையை விட்டு நகர முடியவில்லை, ஆளும் இல்லை. ஞாயிறு அன்று போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

சுபாங்கி


புக்கிட் பாத்தோக்
18 மார்ச் 2025

சுபா,

உன் கடிதம் நேற்று காலைதான் வந்தது. படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கடைக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, ரஷீதா எடுத்தாள். நீ ஞாயிறும் போகவில்லை என்றாள். நான் போனேன்.

ஒன்பதாவது மாடி. கதவு திறந்துதான் இருந்தது. கோவிந்தராசு என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டவில்லை, "வா தம்பி" என்றார். வாய் சரியாகத் திறக்கவில்லை, பேச்சு குழறியது. மேசையில் இரண்டு தட்டு, இரண்டு குவளையில் மைலோ. ஒரு குவளையில் ஆடை கட்டியிருந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஒரு தலையணை, தலையணையில் சாய்த்து மங்களத்தின் போன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போலவே அவர் சுற்றிப் போனார், இடித்துவிடாமல். நானும் சுற்றித்தான் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உன் இயந்திரத்தின் சரத்தைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். காலி உறைகளையும் வீசவில்லை. எண்ணினேன். பதினொன்று காலி.

"யாரு அங்கிள் சாப்பிட்டா?"

"நான்தான். மங்களம் மருந்தப் பாதியில விட்டுட்டுப் போயிருச்சு. நான் கடையில சொல்லவே இல்ல, அதுவா மெசேஜ் வருது. வணக்கம் மங்களம், உங்க மருந்து ரெடின்னு. பேரு போட்டு வருது தம்பி. அப்ப யாராச்சும் முடிச்சு வைக்கணும்ல?"

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே முழுக்க வெள்ளையாகப் புண். கையில் அங்கங்கே ரத்தம் கன்றியிருந்தது. மங்களத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிளம்பும்போது அந்த நாற்காலியைப் பார்த்து, "தம்பிகூடத்தான் போறேன், வந்துர்றேன்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரத்த அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கின்றன. முறிவு மருந்து ஏற்றுகிறார்கள். மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். தினமும் ஒன்று என்று முதலில் எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். மூன்று வருடம் பழகிய பொய், யோசிக்காமலே வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். இருமல் மருந்து கேட்டு ஆள் வந்ததால் உள்ளே போனதாக எழுதியிருக்கிறாய். ரஷீதாவோ, "அக்கா அன்னிக்கு வாசல விட்டு நகரவே இல்ல, பொட்டலத்தையும் அவங்களேதான் கொண்டுபோய் வச்சாங்க" என்கிறாள். எது உண்மை?

மிதுனன்


தேக்கா
20 மார்ச் 2025

அண்ணா,

ரஷீதா சொன்னதுதான் உண்மை.

இந்தத் தாளை நாலு தடவை கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை மாலையே. மங்களம் என்று தட்டினேன், திரை முழுக்கக் கார்டு வந்தது. என் கையெழுத்து.

பழைய கார்டு நிரம்பியதால் புதுக் கார்டில் எடுத்து எழுதியிருக்கிறேன். இரண்டு மருந்து. ஒன்று தினமும் போடும் சத்து மாத்திரை, ஒன்று வாரத்துக்கு ஒரு நாள். வரி மாறி எழுதிவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதற்கு நேராகத் தினமும் என்று போட்டிருக்கிறேன். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். இயந்திரத்தில் கார்டுகளை ஏற்றும்போது ஒரு கேள்வி வந்தது, பழைய கார்டில் உள்ள அளவுகளை மருந்தாளர் சரிபார்த்துவிட்டாரா என்று. ஆம் என்று அழுத்தியதும் நான்தான். பார்க்காமலே.

முதல் கடிதத்தில் உங்களை அப்படிக் குற்றம் சொன்னேனே, அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்ப்பதற்கு. தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் படத்தைப் பார்க்காதே என்று எழுதினீர்கள். அப்போதுதான் தெரிந்தது, உங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று.

பதின்மூன்றாம் தேதி அந்தப் பொட்டலத்தை நானே பெட்டியில் வைத்தேன். வந்து எடுப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. வெறும் உறை வைத்திருக்கலாம். தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது. செய்யவில்லை. யாரோ திருடன் வந்து எடுத்துப் போனால், பழி எல்லாம் அவனோடு போய்விடும் என்று ஒரு நினைப்பு. பெட்டி திறந்த பிறகு ஐந்து நிமிடம் நின்றேன். கோவிந்தராசு பஸ் நிறுத்தப் பக்கமிருந்து மெதுவாக வந்தார், மனைவியின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி இருக்கும். கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்த மருந்தைச் சாப்பிடாதீர்கள், அது தப்பு என்றால், எப்படித் தப்பு, யார் எழுதியது என்று கேட்பார். வாசலில் இருக்கும் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டேன். அவர் பொட்டலத்தை எடுத்து, பெயரைத் தடவிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டு போனார்.

முதல் தடவை செய்தது பிழை. இது பிழை இல்லை, எனக்குத் தெரியும். அவர் எப்படி இருக்கிறார் என்று தயவு செய்து எழுதுங்கள்.

சுபா


புக்கிட் பாத்தோக்
22 மார்ச் 2025

சுபாங்கி,

பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். நேற்றிலிருந்து கஞ்சி இறங்குகிறது.

அன்றைக்கு உன் கார்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்தவன் நான். பார்த்து நிறுத்தியிருக்க வேண்டியவனும் நான். அதனால் பாதிப் பழி எப்படியும் எனக்குரியது. அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் ஒரு மருந்தாளராவது மிஞ்சட்டும் என்று மீதிப் பாதியையும் எடுத்துக்கொண்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். இப்போது பார்த்தால், என் தியாகத்தில் இன்னோர் ஆள் சாகக் கிடந்திருக்கிறார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நீ கார்டு எழுதும்போதெல்லாம் கை நடுங்கியிருக்கும். நடுங்கியிருந்தால் ஆம் என்று அழுத்தியிருக்க மாட்டாய்.

கார்டு எங்கே என்று நீ ஒரு நாளாவது என்னைக் கேட்பாய் என்று மூன்று வருடம் இருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்பதற்கு உனக்கு ஓர் இயந்திரம் வேண்டியிருந்தது.

எனக்கு உன்மேல் கோபம் தாங்க முடியவில்லை. அந்த எடை இயந்திரத்துக்குப் பின்னால் நின்றாயே, அதற்கு. போய் அவரிடம் சொல். நான் கூட வர மாட்டேன். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

மிதுனன்


தேக்கா
4 ஏப்ரல் 2025, வெள்ளி

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

இருபத்தேழாம் தேதி மதியம் போனேன். நாலு கட்டில் உள்ள அறை. அவர் ஜன்னல் ஓரம். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன், "அது வேணாம்மா, இப்படி வா" என்று கட்டிலிலேயே இடம் காட்டினார். நாற்காலியில் ஒன்றும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு எழுதியது, நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டது, பதின்மூன்றாம் தேதி நான் ஒளிந்து நின்றது வரைக்கும். அழக்கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன், அழவும் இல்லை.

அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு, "அப்ப இனிமே மெசேஜ் வராதாம்மா?" என்றார்.

"வராது அங்கிள். நிறுத்தியாச்சு."

"மூணு வருஷமா அதோட பேரச் சொல்லி யாருமே கூப்பிடல. கோயில்ல, பஸ்ஸுல, பேத்தி கல்யாணத்துல, ஒரு ஆளு கூப்பிடல. ஒன் மெஷின்தான் கூப்புட்டுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போவுது. நானா செத்தேன்? அதுகிட்டச் சொல்லு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாங்கிக்கொண்டு வந்தேன்.

விசாரணைக் குழுவுக்குக் கார்டின் படத்தையும் என் வாக்குமூலத்தையும் அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். உங்கள் பெயர் மறுபடி மருந்தாளர் பதிவேட்டில் ஏறுமா என்று தெரியாது. என் பெயர் போய்விடும் என்றுதான் வழக்கறிஞர் சொல்கிறார். அப்போதாவது எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இயந்திரத்தின் மின்சாரத்தை ரஷீதாவே பிடுங்கிவிட்டாள். அவளும் நேற்றோடு நின்றுகொண்டாள்.

கோவிந்தராசு திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விட்டார். மகன் வந்து கூட இருக்கிறான். அவர் நேற்று காலை கடைக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார், "சொல்லிட்டியாம்மா?" இல்லை என்றேன். இனிப் பொய் சொல்ல முடியாது.

அதனால் நேற்று மூன்று மணிக்குச் செய்தேன். கதவைச் சாத்திவிட்டேன், ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது, வெளியே ஐந்தடியில் ஆட்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது. மங்களத்தின் போனை இடது கையில் வைத்துக்கொண்டேன். கடைப் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என் கைக்குள்ளேயே மணி அடித்தது. நானே எடுத்தேன். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள். கடைப் போனைக் காதில் வைத்து, "மங்களம் ஆன்ட்டி, நான் சுபாங்கி, மருந்துக் கடையிலிருந்து பேசுறேன்" என்று தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோவிந்தராசுவிடம் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னேன். அன்றைக்குக் கார்டு எழுதும்போது நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொன்னேன், அது உங்களுக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. முடித்த பிறகு வைக்க மனம் வரவில்லை. எதற்கோ காத்திருந்தேன்.

இரண்டு போனும் என் கையில்தான் இருந்தன, அண்ணா. எந்த விரலும் எதிலும் படவில்லை. அந்தப் பக்கம்தான் முதலில் போனை வைத்தது.

சுபா